யார் தோளில்?

பாரம் குறையக் குறைய மனிதனுக்குச் சுதந்திரம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. அதை நம்பித்தான் துறவிகள் வீட்டை விட்டுப் போனார்கள். அமெரிக்காவில் ஒருவர் அதை நம்பி ஒரு தோணி செய்வித்துக்கொண்டார்.

ஜார்ஜ் வாஷிங்டன் ஸியர்ஸ் என்பது அவர் பெயர். 1821இல் பிறந்தவர், பென்ஸில்வேனியாவில் வெல்ஸ்பரோ என்ற சிற்றூரில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்கு எழுதியும் வந்தார். சின்ன உருவம், போதாக்குறைக்கு நெஞ்சு நோய்.

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் அடிராண்டாக் என்ற மலைக்காடு இருக்கிறது. அங்கே ஏரிக்குப் பின் ஏரியாக நீண்டுகொண்டே போகும். நீர்வழி அறுந்துபோகும் இடங்களில் படகைக் கரையேற்றி, காட்டுப் பாதையில் அடுத்த ஏரி வரைக்கும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே பொழுதுபோக்க வந்த நகரத்துச் செல்வர்கள் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வது வழக்கம். துடுப்பு வலிப்பவர் அவர். படகைத் தோளில் கவிழ்த்துச் சுமப்பவரும் அவர். ஊர் திரும்பிய பிறகு, "காட்டிலே தன்னந்தனியாக இருந்துவிட்டு வந்தேன்" என்று செல்வர் பெருமையடித்துக்கொள்ளலாம். கூலிக்காரர் கணக்கில் சேர்வாரா, என்ன?

ஸியர்ஸிடம் கூலி கொடுக்கப் பணம் இல்லை. கனத்த படகைத் தூக்கப் பலமும் இல்லை. ஆகவே கான்ட்டன் என்ற ஊரில் இருந்த ஹென்றி ரஷ்டன் என்ற படகுத் தச்சரைக் கொண்டு, தன் உடம்புக்குத் தக்கபடி ஒரு தோணி செய்துகொண்டார். மெல்லிய சீடர் பலகை. நீளம் 9 அடி. எடை 10½ ராத்தல். அதாவது 5 கிலோகூட இல்லை. அதற்கு 'ஸேரி கேம்ப்' என்று பெயர் வைத்தார். டிக்கன்ஸ் நாவலில் வரும் மதுப்பிரியையான தாதியின் பெயர் அது. அந்த அம்மாள் தண்ணீரைத் தொடமாட்டாள். தோணியும் தண்ணீரை உள்ளே விடக்கூடாது என்று ஆசை!

1883இல், 61வது வயதில், அந்தத் தோணியில் 266 மைல் தனியாகப் போய் வந்தார்.

தனியாகத் துடுப்புப் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. இருவர் இருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் வலிப்பார்கள்; ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவார். ஒருவன் மட்டும் வலது பக்கம் வலித்தால் தோணியின் மூக்கு இடது பக்கம் திரும்பும். ஸியர்ஸ் கையில் இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பு இருந்தது. வலப்புறம் ஒரு வலிப்பு. அது செய்த கோணலை நிமிர்த்த இடப்புறம் ஒரு வலிப்பு. பொறுப்பு முழுவதும் தன்னுடையதே.

இதில் தர்ம விசாரத்துக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. தன் இன்பத்தின் பாரத்தை இன்னொருவன் தோளில் ஏற்றாத மனிதரைக் கண்டால் எனக்கு மரியாதை உண்டாகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

முதலாவது, அந்தத் தோணி தானாக லேசாகிவிடவில்லை. ஒரு தச்சருடைய கைத்திறன் அதை லேசாக்கிற்று. தனியாகப் போனவருக்குத் துணையாக அந்தக் கைகளும் போயின. இதில் குற்றமில்லை. தச்சருக்குத் தொழில் கிடைத்தது, புகழும் கிடைத்தது.

இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. ஸியர்ஸ் மனைவி மக்கள் உள்ளவர். அவர் ஏரியில் இருந்த நாட்களில் அந்த வீட்டை யார் சுமந்தார்கள்? தோணியின் எடையை அரை ராத்தல்கூட விடாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். வீட்டின் எடையை எவரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எழுதுகிறவர்களையும் இந்தக் கேள்வி சும்மா விடாது. தனிமை வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். கதவுக்கு வெளியே ஒருத்தி பால் கணக்கைப் பார்க்கிறாள். குழந்தையின் அழுகை உள்ளே கேட்காதபடி தூக்கி வைத்துக்கொள்கிறாள். வந்தவரிடம், "அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லி அனுப்புகிறாள். உள்ளே இருப்பவருக்குப் பேனாவின் கனம் மட்டுந்தான்.

அப்படியானால் ஸியர்ஸ் போயிருக்கக் கூடாது என்கிறேனா? இல்லை. கூலியாள் வைக்க வசதியில்லாதவனுக்கும் காடு உண்டு என்று அவர் காட்டினார். அடுத்த ஆண்டே 'உட்கிராஃப்ட்' என்ற நூலில் சுமையைக் குறைக்கும் வழிகளை எழுதினார். நோயாளியான ஒரு தொழிலாளி சில வாரங்கள் நல்ல காற்றைச் சுவாசித்ததைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்வது இவ்வளவுதான். பாரம் குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. தேவையைக் குறைத்துக்கொள்வது ஒன்று. சுமையைக் கைமாற்றி விடுவது மற்றொன்று. முன்னது தவம், பின்னது சாமர்த்தியம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் மனிதன் கை வீசி நடக்கிறான்.

ஸேரி கேம்ப் இன்று ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் உடைமை. இவ்வளவு லேசா என்று அதைக் கண்டவர்கள் வியக்கலாம். நம்முடைய லேசு எந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது நியாயமாகாது. வீட்டில் இருப்பவரைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வரும் வரையில் காத்திருக்கவும் வேண்டும்.