கைக்குத் தெரிந்தது

வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து வா என்பதுதான், என்னிடம் தொழில் பழக வரும் பையன்களுக்கு முதல் பாடம். டயரில் காற்று, ஹோஸில் கசிவு, பக்கெட் பல்லில் ஆட்டம் எல்லாம் எந்த ஆபரேட்டரும் பார்ப்பதுதான். நான் குனிந்து அடியிலும் பார்க்கச் சொல்வேன். சித்திரை வெயிலில் ஜேசிபியின் நிழல் ஊர் நாய்களுக்குப் பந்தல். ஏறக்குறைய 7.5 டன் வண்டி. உருண்ட பிறகு அய்யோ என்றால் பயனில்லை.

முதல் 3 நாள் லீவரைத் தொட விடமாட்டேன். பூம், கை, பக்கெட் என்று மூட்டு சேரும் இடத்திலெல்லாம் கிரீஸ் அடிக்க வேண்டும். எது எங்கே மடங்குகிறது என்பது கிரீஸ் அடித்தால்தான் உடம்பில் ஏறும். அப்புறம் கேபினில் உட்காரவைத்து, எதிரே ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைப்பேன். பக்கெட்டால் குடத்தைத் தொட வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. முதல் நாள் குடம் பறக்கும். பத்துப் பதினைந்து நாளில் தொட்டுவிடுவார்கள்.

நான் பழகியபோது குடம் இல்லை. ஆமைதான் கிடைத்தது.

1997 மே மாதம், வந்தவாசிப் பக்கம் ஓர் ஏரி. தண்ணீர் வற்றி, தரை வெடித்துக் கிடந்தது. வயலுக்கு வண்டல் அள்ளிக்கொண்டிருந்தோம். லீவர் என் கைக்கு வந்து இரண்டாவது மாதம். தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் கேபின் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். வண்டல் இழுக்கும்போது பக்கெட் ஒரே சீராக வரும். நடுவில் ஓரிடத்தில் ஏதோ தடுத்தது. கல் என்றால் பக்கெட் நின்றுவிடும், எஞ்சின் முனகும், வண்டியின் பின்பக்கம் லேசாகத் தூக்கும். இது அப்படி இல்லை. ஒரு நொடி தடுத்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. நான் இழுத்துவிட்டேன். பக்கெட் மேலே வந்தபோது பல்லில் ஓர் ஆமை. ஓடு நடுவில் பிளந்திருந்தது. பின்னங்கால் ஒன்று மட்டும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

ஏரி வற்றினால் பால் ஆமை சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழைக்காகக் காத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அண்ணன் எட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"கையில தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணே."

"தெரிஞ்சும் ஏண்டா இழுத்த?"

திட்டவில்லை. இறங்கிப்போய் ஆமையைக் கரையோரம் புதைத்துவிட்டு வந்தார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. பல வருடம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். ஏரியை வெட்டச் சொன்னது ஊர். வண்டி ஓனருடையது. நான் கூலிக்கு லீவர் பிடிப்பவன், வெறும் அம்பு. பாவம் என்று ஒன்று இருந்தால் அது எய்தவன் கணக்கில் போகட்டும்.

அந்தத் தூக்கத்தைக் கலைத்தவர் ஒரு நயினார். எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சமணர்களை அப்படித்தான் சொல்வோம். பொன்னூர் மலையும் மேல்சித்தாமூர் மடமும் அவர்களுக்குப் புனித இடங்கள். அவர்களில் பெரும்பாலோர் காலம் காலமாக விவசாயிகள். அந்தப் பெரியவர் நிலத்தில் குட்டை வெட்டப் போயிருந்தேன். இன்னும் ஒரு மணி நேர வேலைதான் பாக்கி, பொழுது சாய்ந்ததும் போதும் என்றார். லைட் இருக்கிறதே ஐயா, முடித்துவிடுகிறேன் என்றேன். "லைட் மேல் மண்ணைக் காட்டும் தம்பி. அடியில என்ன இருக்குன்னு பார்த்து நிறுத்த உனக்குப் பகல் வேணும்" என்றார். ஒரு மணி நேரத்துக்காக மறுநாள் மறுபடி வண்டி வர வேண்டும், போக்குவரத்துக்கும் சேர்த்து அவர்தான் காசு கொடுக்க வேண்டும். கொடுத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. மண்ணை வெட்டுவதே உங்கள் சமயத்தில் பாவமாமே, அப்புறம் எப்படி உழுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இல்லறத்தார் தவிர்க்க வேண்டியவை என்று அவர்கள் நூல்களில் சொல்லும் 15 தொழில்களில் பூமியைப் பிளப்பதும் ஒன்று என்றார். ஆனாலும் வயிற்றுப்பாட்டுக்கான தொழிலில் நேர்ந்துவிடும் கொலை வேறு, வேண்டுமென்று செய்யும் கொலை வேறு. உமாசுவாதி எழுதிய தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குச் சொல்லும் இலக்கணமே, கவனம் தப்பிய செயலால் உயிரைப் போக்குவது என்பதுதானாம். வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. கவனம் அம்புக்கு ஏது?

பிறகு கிடைத்ததை எல்லாம் படித்தேன், கேட்டேன். பௌத்தத் துறவிகளுக்கு மண்ணைத் தோண்டுவதும் குற்றம், பிறரைத் தோண்டச் சொல்வதும் குற்றம். துறவிக்கு அது சரி. எங்கள் மாவட்டத்தில் ஏரி இல்லாமல் ஊர் இல்லை, தூர் வாராமல் ஏரி இல்லை. யாராவது ஒருவர் கையை மண்ணுக்குள் விட்டே ஆக வேண்டும். கீதையில் கண்ணன் அர்ச்சுனனிடம் நீ வெறும் கருவியாக இரு என்கிறான். உபன்யாசத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அதற்கு முந்தைய காட்சிதான் கண்ணில் நிற்கும். காண்டீபம் அர்ச்சுனன் கையிலிருந்து நழுவியது. வாய் பெரிய நியாயங்களை அடுக்கி முடிப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. துரோணரிடம் அத்தனை வருடம் பழகிய கை அது.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். கை தெரிந்துகொள்ளும் வரை அதைப் பழக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி. களிமண்ணுக்கும் சுக்காம்பாறைக்கும் வேருக்கும் பைப்புக்கும் உயிருக்கும் உள்ள வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிட்டால் அந்தக் கைக்காரன் அம்பு இல்லை. அதற்கப்புறம் எய்தவன் மேல் பழி போட முடியாது. 20 டன் பொக்லைனில் லீவர் பூ மாதிரி நகரும், பாறையை முட்டினாலும் உள்ளங்கைக்குச் சேதி வராது. அங்கே எஞ்சின் சத்தம் காதுக்குச் சொல்லும், சீட் இடுப்புக்குச் சொல்லும். கேட்கப் பழகியவன் அந்த வண்டியிலும் தப்பிக்க முடியாது. இப்போது சிமுலேட்டரில் பழக்குகிறார்கள். எந்த லீவர் எதை அசைக்கும் என்பதை அது நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திரையின் மண்ணுக்குள் யாரும் மழைக்காகக் காத்திருப்பதில்லை.

இதில் எனக்கு ஒரு வேதனையும் உண்டு. 19 வயசுப் பையன் சோற்றுக்கு ஒரு தொழில் கேட்டு வருகிறான். தொழிலோடு சேர்த்து இந்தப் பாரத்தையும் அவன் கையில் வைக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இனி இல்லை. அதைப் பறிக்க நான் யார்? ஆயுத பூஜை அன்று லீவர் குமிழுக்குச் சந்தனம் வைக்கும்போது, பையன்களின் உள்ளங்கையிலும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன். அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

போன வைகாசியில் ஓர் ஏரி வேலை. பழக வந்து மூன்றாவது மாதத்தில் இருந்த பையன் ஓட்டினான், நான் கேபின் வாசலில் நின்றேன். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை நிறுத்திவிட்டான். மணிக்கணக்கு வாடகை, ஹவர் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலை எடுத்தவர் கரையில் குடை பிடித்துக்கொண்டு, "என்னய்யா நிறுத்தி நிறுத்தி ஓட்டறான்?" என்று இரண்டு முறை கத்திவிட்டார். நான் பதில் சொல்லவில்லை.

மறுபடியும் பக்கெட் பாதி இழுப்பில் நின்றது. பையன் பக்கெட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்னடா?"

"என்னமோ விட்டுக்குடுத்த மாதிரி இருந்துது அண்ணே."

இறங்கி ஓடி, மண்டியிட்டு, வண்டலைக் கையால் தோண்டினான். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினான். கரையில் இருந்தவரும் குடையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்து பார்த்தார். பையன் கையை வெளியே எடுத்தான். கருவேல வேர், விரல் தடிமன், பாதியில் முறிந்திருந்தது.

"வேர்தான் அண்ணே" என்றான்.

"சரி, ஏறு" என்றேன்.