எட்டே கிலோமீட்டர்!

"நான் ஒருத்தன் என்ன கிழித்துவிட முடியும்?" இந்தக் கேள்வி இனி உன் வாயில் வரவே கூடாது, தம்பி! வந்தால் சனிக் கோளை நினைத்துக்கொள்.

சனியின் பெரிய வளையங்களின் குறுக்களவு ஏறக்குறைய 2,70,000 கிலோமீட்டர். கணக்கில் அடங்காத பனிக்கட்டித் துண்டுகள் அங்கே சுழல்கின்றன. அந்தக் கூட்டத்தின் வெளி விளிம்பை ஒட்டி டாஃப்னிஸ் என்றொரு நிலவு. குறுக்களவு வெறும் 8 கிலோமீட்டர்! அந்தப் பொடியன் சுமார் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழியைத் துடைத்து வைத்திருக்கிறான். அதற்குக் கீலர் இடைவெளி என்று பெயர்.

எப்படி முடிந்தது? உள்பக்கத் துண்டுகள் வேகமானவை. டாஃப்னிஸை முந்திக்கொண்டு ஓடும். ஓடும்போது அதன் ஈர்ப்பு அவற்றைச் சற்றே பின்னிழுக்க, அவை வேகம் இழந்து சனியின் பக்கம் சரிகின்றன. வெளிப்பக்கத் துண்டுகள் மந்தமானவை. அவற்றைத் தாண்டும்போது டாஃப்னிஸ் கொஞ்சம் முன்னிழுத்துவிட, அவை வெளியே விலகுகின்றன. ஒரு சந்திப்பில் நடப்பது அற்ப மாற்றம்தான். ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, திறந்த வழியை மறுபடி அடைக்கப் பார்க்கின்றனவே! ஓய்ந்தால் வழி மூடிவிடும். டாஃப்னிஸ் ஓயவில்லை, சுமார் 14 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, இன்றும் நடக்கிறது. நீயோ நாலு நாள் முயன்றுவிட்டு ராசியில்லை என்கிறாய்!

வளையத்தின் தடிமன் பல இடங்களில் 10 மீட்டர் அளவுதான். 2009-இல் சூரிய ஒளி வளையங்கள்மேல் சாய்வாக விழுந்த நாட்களில், டாஃப்னிஸ் எழுப்பிய அலைகளின் நிழலைக் காசினி விண்கலம் படம்பிடித்தது. நிழலை வைத்து உயரத்தைக் கணக்கிட்டார்கள்: ஒன்றரை கிலோமீட்டர்! முழு வளையத்தையும் ஆளும் ஆசை டாஃப்னிஸுக்கு இல்லை. தனக்கு வாய்த்த ஒரு பாதை. அதில் முழு மூச்சு. உனக்கும் ஒரு பாதை இருக்கிறது, இறங்கு!

யாரும் கண்டுகொள்ளவில்லை என்று குமுறுகிறாயா? அதே வளையங்களில் உள்ள பான் என்ற நிலவைக் கேள். 325 கிலோமீட்டர் அகல என்கே இடைவெளி அதன் கைவேலை. 1985-இல் கஸ்ஸி, ஸ்கார்கில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டது விளிம்பில் நெளியும் அலைகளை மட்டுமே. இங்கே ஒரு நிலவு இருந்தாக வேண்டும் என்றார்கள். அந்தத் தடயங்களைப் பிடித்துக்கொண்டு 1990-இல் ஷோவால்டர் என்ற ஆய்வாளர் வாயேஜர் விண்கலத்தின் பழைய படங்களைத் துழாவினார். அகப்பட்டது பான், 1981-இல் எடுத்த படங்களிலேயே!