குழந்தை கேட்கும் ‘ஏன்?’

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26, குடியரசு தினம். குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் பள்ளிக் குழந்தைகள் காலையிலேயே கொடியேற்று விழாவிற்குப் புறப்பட்டனர். எட்டே முக்கால் மணியளவில் பூமி அதிர்ந்தது. திறந்த மைதானங்களில் நின்றிருந்த குழந்தைகள் பலர் உயிர் பிழைத்தனர். அஞ்சார் நகரில் குறுகிய தெரு ஒன்றின் வழியே ஊர்வலமாகச் சென்ற குழந்தைகளின்மீது அருகிலிருந்த கட்டடங்கள் சரிந்தன. அங்கு 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் மாண்டனர். அவர்களுக்காக அந்நகரில் எழுப்பப்பட்ட நினைவகம் 2022-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

மைதானத்தில் நின்ற குழந்தைக்கும் தெருவில் நடந்த குழந்தைக்கும் குணத்தில் என்ன வேறுபாடு? இருவரும் வணங்கச் சென்றது ஒரே கொடியைத்தான். பின்னர் கூடாரங்களில் பள்ளிகள் மீண்டும் தொடங்கியபோது, பிழைத்த குழந்தைகள் வந்து அமர்ந்தனர். சிலருடைய இடங்கள் காலியாக இருந்தன. இத்தகைய நிலையில் இருக்கும் குழந்தை, வாய்விட்டோ மௌனமாகவோ கேட்பது ஒன்றே: ‘என் தோழன் ஏன் போனான்? நான் ஏன் இருக்கிறேன்?’ தத்துவ ஞானிகள் வாழ்நாள் முழுவதும் ஆராயும் கேள்வி இது. இதை ஒரு பத்து வயதுக் குழந்தை கேட்கும்போது ஆசிரியர் என்ன சொல்வது அறம்?

எளிதில் வரும் மூன்று விடைகள்

பெரியவர்களின் நாவில் பொதுவாக மூன்று விடைகள் எழுகின்றன. ‘அழாதே, தைரியமாக இரு’ என்பது முதலாவது. ‘அதை மறந்துவிட்டுப் படிப்பில் கவனம் செலுத்து’ என்பது இரண்டாவது. ‘எல்லாம் அவரவர் கர்மபலன்’ என்பது மூன்றாவது. மூன்றும் நல்லெண்ணத்தில் பிறப்பவைதாம். ஆனால் நல்லெண்ணம் மட்டுமே ஒரு சொல்லை மருந்தாக்கிவிடாது. கேட்பவரின் உள்ளத்தில் அது எவ்வாறு போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பேரிடருக்குப் பிறகு குழந்தைகளின் துயரம் பெரியவர்களின் துயரத்தைப்போல வெளிப்படுவதில்லை. சிறு ஓசைக்கும் ஒரு குழந்தை திடுக்கிடும். மற்றொன்று தாயின் சேலைத் தலைப்பை விடாது. படுக்கையை நனைக்கும் பழக்கம் எப்போதோ நின்றுபோன குழந்தையிடம் அது மீண்டும் வரும். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி வரும், அது நடிப்பன்று. சில குழந்தைகள் மண்ணில் வீடு கட்டி, அதை இடித்து, மறுபடியும் கட்டி விளையாடும். அளவிறந்த ஓர் அனுபவத்தைத் தன் சிறிய கைகளுக்குள் அடக்க முயலும் மனத்தின் வேலை அது. வகுப்பில் முரட்டுத்தனம் காட்டும் சிறுவனும், யாருக்கும் தொல்லை தராமல் மூலையில் ஒடுங்கும் சிறுமியும் ஒரே காயத்தின் இரு முகங்களாக இருக்கக்கூடும். ‘அழாதே’, ‘மறந்துவிடு’ என்னும் சொற்கள் இக்குழந்தைகளின் துயரத்தை நீக்குவதில்லை; அதை வெளியில் காட்டக்கூடாது என்றே கற்பிக்கின்றன.

இவற்றினும் ஆழமான ஒன்று உண்டு. நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் தானே காரணம் என்று எண்ணுவது இளங்குழந்தைகளின் இயல்பு. ‘நேற்று அவனோடு சண்டையிட்டேன், அதனால்தான் அவன் இறந்தான்.’ ‘அம்மாவின் சொல்லைக் கேட்கவில்லை, அதனால்தான் வீடு இடிந்தது.’ இத்தகைய எண்ணங்களைக் குழந்தை யாரிடமும் சொல்லாமல் பல மாதங்கள் சுமக்கக்கூடும். அந்தக் குழந்தையிடம் கர்மபலனைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? தான் இரகசியமாக அஞ்சிக்கொண்டிருந்த குற்றச்சாட்டைப் பெரியவர்களும் உறுதிப்படுத்திவிட்டதாகவே அது எண்ணும். ஆறுதலாகச் சொல்லப்பட்ட தத்துவம் அங்கே தண்டனையாகிறது.

கர்மக் கொள்கை யாருக்கு?

இவ்வாறு கூறுவது கர்மக் கொள்கையை மறுப்பதாகாது. அதை எங்கே பயன்படுத்துவது என்பதே கேள்வி. தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளவும் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கவும் ஒருவருக்குத் துணை நிற்பது அக்கொள்கை. அதைப் பிறருடைய துன்பத்தின்மீது சுமத்தும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. உதவாமல் இருப்பதற்கு அது ஒரு சாக்காகிவிடுகிறது.

1897-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பசுப் பாதுகாப்புச் சபையைச் சேர்ந்த ஒரு பிரசாரகர் சுவாமி விவேகானந்தரைக் காண வந்தார். அப்போது நாட்டில் கடும் பஞ்சம் நிலவியது. பஞ்சத்தில் வாடும் மக்களுக்குச் சபை ஏதேனும் உதவி செய்கிறதா என்று சுவாமிஜி வினவினார். மக்கள் தங்கள் கர்மத்தின் பயனாகவே மடிகிறார்கள் என்னும் கருத்துப்பட வந்தவர் விடையளித்தார். அப்படியானால் பசுக்கள் கொல்லப்படுவதும் அவற்றின் கர்மமே என்றாகிவிடுமே, பிறகு எந்த முயற்சிதான் எதற்கு என்று சுவாமிஜி சினத்துடன் கேட்டார். பிறர் துயரின் முன் கர்மத்தைப் பேசுவோருக்கு அந்தக் கேள்வி இன்றும் பொருந்தும்.

நசிகேதன் கேட்ட வரிசை

மரணத்தைப் பற்றிக் குழந்தையிடம் பேசவே கூடாது என்பதா? அதுவுமன்று. கடோபநிஷதம் முழுவதும் ஒரு சிறுவனின் கேள்வியிலிருந்து எழுந்ததுதான். யமனுடைய வாயிலில் நசிகேதன் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான். திரும்பி வந்த யமன் முதலில் அவனை விருந்தினனாக வணங்கினான். காக்கவைத்த ஒவ்வோர் இரவுக்கும் ஒரு வரம் அளித்தான்.

அச்சிறுவன் வரங்களைக் கேட்ட வரிசை சிந்திக்கத்தக்கது. தன் தந்தை கவலையும் சினமும் தணிந்து, திரும்பிச் செல்லும் தன்னை அடையாளம் கண்டு அன்புடன் ஏற்க வேண்டும் என்பது முதல் வரம். மேலுலகிற்கு இட்டுச்செல்லும் அக்கினி வேள்வியைப் பற்றியது இரண்டாவது. மரணத்திற்குப் பின் என்ன என்னும் கேள்வி மூன்றாவதாகவே வந்தது. அந்த மூன்றாம் கேள்வியைக் கைவிடச் செய்ய யமன் யானைகளையும் பொன்னையும் நீண்ட ஆயுளையும் காட்டியபோது சிறுவன் அவற்றை ஏற்கவில்லை.

உபநிஷதத்தின் நோக்கம் ஆத்ம ஞானமே. ஆயினும், துயருற்ற குழந்தையை அணுகுவோர்க்கு இவ்வரிசையில் ஒரு குறிப்பு உண்டு. முதலில் வீட்டின் அமைதி. பிறகு கூடிச் செய்யும் கர்மம். அதன்பின் தத்துவம், அதுவும் குழந்தை தானே கேட்கும்போது. முதல் வரத்தை அளிக்காமல் மூன்றாம் வரத்தை அளிக்க விரைவதே பெரியவர்கள் செய்யும் பிழை.

பள்ளி அளிக்கக்கூடிய வரங்கள்

பேரிடர் வீட்டைச் சிதைத்துவிட்ட பிறகு, குழந்தைக்கு எஞ்சியிருக்கும் ஒழுங்கான உலகம் பெரும்பாலும் பள்ளிதான். குறித்த நேரத்தில் மணி அடிப்பது, அதே ஆசிரியர் அதே புன்னகையுடன் வருவது, மதிய உணவு தவறாமல் கிடைப்பது ஆகியவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் ‘நாளையும் உண்டு’ என்னும் நம்பிக்கையைக் குழந்தைக்குத் தருபவை இவையே. முதல் வரம் இது. இதில் உண்மையும் அடங்கும். தோழன் இறந்ததை ‘ஊருக்குப் போயிருக்கிறான்’ என்று மறைத்தல் தகாது. எளிய சொற்களில் உள்ளதைச் சொல்லி, ‘இதற்கு நீ காரணமில்லை’ என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னது போதாது. குழந்தை கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

இறந்த தோழனுக்காக விளக்கேற்றுதல், சேர்ந்து பாடுதல், பிரார்த்தித்தல், மரம் நடுதல் ஆகியவை இரண்டாம் வரம். இவை துன்பத்திற்குக் காரணம் கூறுவதில்லை. துன்பத்தில் தனிமையை நீக்குகின்றன. இவற்றில் குழந்தை தன் விருப்பத்தோடு பங்கேற்க வேண்டும். நடந்ததை அனைவர் முன்னும் சொல்லுமாறு வற்புறுத்துவது நன்மை தராது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார்த்தல், கேட்டல், உதவியோடு இணைத்தல் என்னும் மூன்றையே வலியுறுத்துகிறது. எவரையும் பேசுமாறு நெருக்கக் கூடாது என்கிறது. பேச விரும்பாத குழந்தை படம் வரையலாம். களிமண்ணில் உருவம் செய்யலாம். ஆசிரியருக்கு அருகில் சும்மா அமர்ந்திருக்கவும் செய்யலாம்.

இதற்கெல்லாம் ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல், 2001 நிலநடுக்கம், 2004 சுனாமி ஆகியவற்றுக்குப் பிறகு, பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அந்தந்த ஊர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்குமே பயிற்சியளித்தது. பெரும்பாலான குழந்தைகள் அன்பான சூழலில் நாளடைவில் தேறிவிடுகின்றனர். ஒரு மாதத்திற்கு மேலாகியும் உறக்கமின்மையும் அச்சமும் ஒதுக்கமும் குறையாத குழந்தையை, அல்லது வாழவே விருப்பமில்லை என்று பேசும் குழந்தையை, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பின்னதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022-இல் தொடங்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அணுகலாம்.

ஆசிரியரும் தம் வீட்டாரை இழந்தவராக இருக்கலாம் என்பதைப் பள்ளி நிர்வாகம் மறக்கலாகாது. அவருக்கு ஓய்வும் தோள்கொடுக்கும் துணையும் கிடைக்காமல் அவரிடமிருந்து மட்டும் அமைதியை எதிர்பார்ப்பது நீதியாகாது.

கேள்வியைக் காத்தல்

இவ்வளவும் செய்த பிறகும் ‘ஏன்?’ என்னும் கேள்வி எஞ்சியே நிற்கும். ‘எனக்கும் தெரியவில்லை குழந்தாய்; ஆனால் நான் உன்னோடு இருக்கிறேன்’ என்று ஆசிரியர் சொன்னால், அது தோல்வியன்று. பொய்யான விடையால் குழந்தையின் கேள்வியை மூடாமல் அதைக் காப்பாற்றி வைக்கும் வாய்மை அது. அந்தக் குழந்தை வளர்ந்து, ஒருநாள் தானாகவே அக்கேள்வியை எடுத்துக்கொண்டு சாஸ்திரங்களின் வாயிலுக்கு வரலாம். அன்று தத்துவம் தன் வேலையைச் செய்யும். இடிந்த சுவர்களுக்கிடையே ஒருவர் தன் அருகில் அமர்ந்திருந்தார் என்னும் நினைவு அக்குழந்தைக்கு அப்போதும் துணை நிற்கும். அந்த நினைவை அளிப்பதே இன்று ஆசிரியரின் தர்மம். அதுவே அவர் செய்யும் பூஜை.