பிள்ளையோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு நியாயம்

கோவை கணபதியிலிருந்து கிளம்பி, நகரத்தைக் கடந்து பாலக்காடு சாலையைப் பிடித்தால் வாளையாறு சோதனைச்சாவடி அதிக தூரமில்லை. பாலக்காட்டுப் பக்கம் கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்கள் கோவையில் நிறைய. லீவு விட்டால் பிள்ளைகளை அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டில் விட்டுவிட்டு, பிறகு போய்க் கூட்டி வருவார்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் அந்தப் பயணத்துக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. கேரளத்தில் கொரோனா தணியாமல் இருந்த நேரம். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறவர்கள் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். ‘நெகட்டிவ்’ சான்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டு 14 நாள் ஆன சான்றைக் காட்ட வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது.

கேட்பதற்கு நேர்மையான விதிதான். ஆனால் அன்றைக்கு இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் அரசுத் திட்டத்தில் தடுப்பூசி கிடையாது. 15 வயதைத் தாண்டியவர்களுக்கு 2022 ஜனவரி 3-இல் தொடங்கியது; 12 வயதைத் தாண்டியவர்களுக்கு அதே ஆண்டு மார்ச் 16-இல். அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு தேசியத் திட்டத்தில் தடுப்பூசி கடைசிவரை வரவே இல்லை. பெரியவர்கள் எல்லையைக் கடக்க விதி இரண்டு வழி வைத்திருந்தது. பிள்ளைக்கு மூக்கில் விடும் குச்சி ஒன்றுதான் வழி. தடுப்பூசியைக் கொடுக்காதது மத்திய அரசு; அது இல்லாத குறையை மாநில அரசு பிள்ளையின் கணக்கில் எழுதியது.

பிறருடைய உயிரைக் காப்பதற்காக ஒரு குழந்தையிடம் எவ்வளவு கேட்கலாம்? நோய் வந்த காலத்தில் இந்தக் கேள்வியை நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

முதலில் அந்தச் சோதனையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பெரியவருக்கு அது பத்து விநாடி எரிச்சல், கண்ணில் கொஞ்சம் நீர். மூன்று வயதுக் குழந்தைக்கு அப்படியல்ல. தாய் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இறுக்கி, இரண்டு கைகளையும் ஒரு கையால் பிடித்துக்கொள்கிறாள். மறு கையால் நெற்றியைப் பின்னால் சாய்க்கிறாள். எதிரே நிற்பவருக்கு முகம் இல்லை. கவச உடையும் கண்ணாடியும் முகக்கவசமும்தான் தெரிகின்றன. மெல்லிய குச்சி மூக்கின் ஆழம்வரை போகிறது. குழந்தை திமிறினால் மாதிரி சரியாக வராது. மறுபடியும் எடுக்க வேண்டும். எந்தக் கையை நம்பி ஓடி வருமோ அந்தக் கையே தன்னைப் பிடித்து அழுத்துகிறது என்பதைத்தான் அந்த வயது உணர்கிறது. அந்தப் பணியாளரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. காலையிலிருந்து வெயிலில் அந்த உடைக்குள் வெந்துகொண்டிருந்தவர் அவர்.

இதை மட்டும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சோதனையே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மறு தட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். கொங்குநாட்டு வீடுகளில் பேரப்பிள்ளை ஊரிலிருந்து வந்ததும் போய் விழுவது ஆத்தா மடியில்தான். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நோய் லேசாக வந்து போனது. சிலருக்கு அறிகுறியே இல்லை. ஆனாலும் அவர்களிடமிருந்து நோய் பரவியது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்த மடி வழியே வந்த நோய் லேசாகப் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2021 மே மாதம் கோவையில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த குடும்பங்களிடம் போய், குழந்தை அழும் என்பதால் சோதனை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. நோய் குழந்தைகளையும் முற்றிலும் விட்டுவைக்கவில்லை. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் 2020-இல் முதலில் சிகிச்சை பெற்றுக் குணமானவர்களில் 10 மாதக் குழந்தையும் உண்டு.

அப்படியானால் கோட்டை எந்த வயதில் போடுவது? அரசுகளே இதில் தடுமாறின. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக 2020 மே 24-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு வரும் பெற்றோரை, சொந்தச் செலவில் ஏழு நாள் விடுதியில் அடைந்து கிடப்பதிலிருந்து விலக்கி, வீட்டிலேயே தனித்திருக்க அனுமதித்தது. 2021 பிப்ரவரியில் எல்லோருக்கும் முன்சோதனை கட்டாயமானபோது, குடும்பத்தில் சாவு நேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. அதே ஆண்டு நவம்பரில் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சோதனை வேண்டாம் என்றார்கள். 2022 டிசம்பரில், வந்திறங்கியபின் செய்யும் மாதிரிச் சோதனைக்கு 12 வயதுவரை விலக்கு. 10, 5, 12 என்று கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. குழந்தையின் மூக்கும் பயமும் எல்லா ஆண்டும் ஒன்றுதான். எனவே வயதில் விடை தேடுவது வீண். சோதனையின் முடிவை வைத்துக்கொண்டு குழந்தையை என்ன செய்யப் போகிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

2022 மார்ச், ஏப்ரலில் சீனாவின் ஷாங்காய் நகரில், தொற்று உறுதியான சின்னக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிமை மையங்களில் வைத்தார்கள். மக்கள் கொதித்தெழுந்த பிறகே அந்த விதி தளர்ந்தது. ஆஸ்திரேலியா இன்னொரு விதமாகத் தவறியது. 2021 மே மாதம் இந்தியாவிலிருந்து தன் சொந்தக் குடிமக்களே திரும்பி வருவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஐந்தாண்டுவரை சிறை என்று எச்சரித்தது. அப்போது பெற்றோர் அங்கேயும் தாங்கள் இங்கேயுமாகத் தாத்தா பாட்டி வீடுகளில் சிக்கியிருந்த பிள்ளைகள் மட்டும் 173 பேர் என்று அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணையில் அதிகாரிகளே சொன்னார்கள். தடை முடிந்து மே 15-இல் டெல்லியிலிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த முதல் மீட்பு விமானத்தில் 150 பேருக்கு இடம் இருந்தும், தொற்று உறுதியானவர்கள், அவர்களோடு இருந்தவர்கள் என்று எழுபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றவில்லை. அவர்களில் சிலருக்கு அடுத்த சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது.

நம் எல்லையிலும் இந்தத் துயரம் நடந்தது. 2020 மே இரண்டாவது வாரத்தில் கேரளத்துக்குத் திரும்பிய மலையாளிகள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வாளையாற்றில் வெயிலில் நின்றார்கள், கைக்குழந்தைகளோடு. மே 10, ஞாயிற்றுக்கிழமை. கேரள உயர் நீதிமன்றம் விடுமுறை நாளிலும் கூடி, அங்கே நிற்பவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கச் சொன்னது. இனி வருகிறவர்கள் சீட்டோடுதான் வர வேண்டும் என்றும் சொன்னது. விதி நிற்கட்டும், ஆனால் நடுரோட்டில் நிற்பவரை அதன் பெயரால் கைவிடாதே என்ற அந்த அணுகுமுறை சரியானது. சொந்த ஊருக்கு வருகிறவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சுற்றுலாப் பயணியிடம் ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று சொல்லலாம். வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் சொல்ல முடியாது.

ஆகவே, நோய் பரவும் காலத்தில் குழந்தைக்குச் சோதனை செய்வது அநியாயமில்லை. சோதனைச் சான்று இல்லாத குழந்தையை வாசலில் நிறுத்துவது அநியாயம். சோதனையை வீடு சேர்ந்த பிறகு, பயமில்லாத இடத்தில், செவிலியர் வந்து செய்யலாம். அதுவரை ஆத்தா அடுத்த அறையில் இருக்கட்டும். கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டம் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் தலையில் விழுகிறது. 2022 டிசம்பர் கடைசியில் மதுரை விமான நிலையத்தில் தொற்று உறுதியான தாயையும் ஆறு வயது மகளையும் விருதுநகர் மாவட்டத்தில் அவர்கள் வீட்டிலேயே தனிமைப்படுத்தினார்கள். செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு வீட்டில் சின்ன அறை கூட இல்லையே என்று கேட்கலாம். கணபதியில் பட்டறைகளை ஒட்டிய லைன் வீடுகளைப் பார்த்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அரசு இடம் தர வேண்டும், தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கும்படி. கொடிசியா கண்காட்சி வளாகத்தையே சிகிச்சை மையமாக மாற்றிய ஊர் இது. காசும் அப்படித்தான். கேரளத்தில் தனியார் ஆய்வகக் கட்டணம் 2021-இல் 1,700 ரூபாயிலிருந்து 500-க்குக் குறைக்கப்பட்ட பிறகும், இரண்டு பிள்ளைகளுக்கு ஆயிரம் ரூபாய் ஆனது. பட்டறைக் கூலிக்குப் போகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஊர் நன்மைக்காகச் செய்யும் சோதனைக்கு ஊர்தான் காசு கொடுக்க வேண்டும். குச்சிக்கு மாற்றும் இருந்தது. நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கிய, உப்புநீரைக் கொப்பளித்துத் தரும் முறையை 2021 மே மாதமே ஐ.சி.எம்.ஆர். ஏற்றுக்கொண்டது. கொப்பளிக்கத் தெரிந்த ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்காவது விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் அதைக் கொண்டுவந்திருக்கலாம்.

அந்த ஆண்டுகளின் ஆணைகளுக்கு ஆதாரமாக இருந்தவற்றில் ஒன்று 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். அதில் குழந்தை என்ற பேச்சே இல்லை. 2020-இல் அதைத் திருத்தி மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சேர்த்தார்கள், தேவையான திருத்தம். தமிழ்நாட்டுக்குத் தனியாக 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதைத் திருத்தும் அதிகாரம் நம் சட்டமன்றத்திடமே உள்ளது. எந்தச் சோதனையின் பெயராலும் குழந்தையைக் காப்பாளரிடமிருந்து பிரிக்கக் கூடாது, சான்று இல்லை என்று வீடு திரும்பும் பிள்ளையை எல்லையில் நிறுத்தக் கூடாது, செலவு அரசுடையது என்று அதில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த நோய் வந்த பிறகு இதைப் பேச நேரம் கிடைக்காது. தொகுதிக்கு வரும் சட்டமன்ற உறுப்பினரிடம் இதை இப்போதே கேளுங்கள்.