பேரன் சுமக்கும் ஓலை

திருநாவலூரில் பிறந்த சுந்தரர் புத்தூரில் மணக்கோலத்தில் வீற்றிருந்தபோது, முதியவர் ஒருவர் ஓலையொன்றுடன் வந்து திருமணத்தைத் தடுத்த கதையைத் தமிழகம் நன்கு அறியும். தாமும் தம் வழிவந்தோரும் அம்முதியவருக்கு அடிமை என்று சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை அது. சினமுற்ற மணமகன் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தும் வழக்கு முடியவில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை காட்டப்பட்டது. பாட்டனாரின் வேறோர் எழுத்துடன் அது ஒப்புநோக்கப்பட்டது. பேரன் அடிமையே எனத் தீர்ப்பாயிற்று. வந்தவர் இறைவனே என்பதால் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இது அருளின் கதையாகிறது. வந்தவர் இறைவனாக இல்லாதிருந்தால்? இன்னும் பிறவாத பேரனைப் பாட்டன் எழுதிக் கொடுப்பது அறமாகுமா?

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2026 பிப்ரவரி 1-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும், சேமித்து வைக்கும் தொழில்நுட்பங்களுக்காக 5 ஆண்டுகளுக்கு 20,000 கோடி ரூபாய் முன்மொழியப்பட்டது. மின்சாரம், எஃகு, சிமெண்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வேதிப்பொருள் ஆகிய 5 துறைகள் அதில் குறிக்கப்பட்டன. பணம் மக்களுடையது. ஆகவே அது அறநெறிக்கு ஒத்துச் செலவாகிறதா என்று வினவும் கடமையும் நம்முடையதே.

முதலில் வினையின் இயல்பைச் சிறிது அறிவோம். ஆலையின் புகையை அமீன் என்னும் வேதிநீர்மத்தின் ஊடே செலுத்தினால், அந்நீர்மம் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பின்பு அதைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். அதை அழுத்தி, குழாய் வழியே கொண்டுசென்று, நிலத்தடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலோ அதற்கும் கீழோ உள்ள உவர்நீர்ப் பாறை அடுக்குகளில் இறக்குவர். மேலே நெருக்கமான பாறையொன்று மூடியாக அமைந்திருக்க வேண்டும். நார்வே நாடு 1991-இல் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. வரிச்சுமை உறைத்த பின்னரே, 1996 முதல் வடகடலின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரை கடலடிப் பாறைக்குள் அனுப்பப்படலாயிற்று. அங்கே ஆராய்ச்சிக்கு ஊக்கம் தந்தது சலுகையன்று, வரி என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நம் நாட்டு அனுபவம் வேறு. தூத்துக்குடியில் ஒரு வேதிப்பொருள் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா ஆஷ் செய்யும் ஏற்பாட்டை 2016-இல் தொடங்கியது. மானியம் ஏதுமின்றி அது இயங்குவதை உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. அந்த முறையை வகுத்தவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர் இருவர். இங்கே முதலீடு கிட்டாமையால் அவர்கள் இங்கிலாந்துக்குச் சென்றனர் என்றும், அந்நாட்டு அரசு உதவித்தொகை தந்து வரவேற்றது என்றும் அப்போதே செய்திகள் கூறின. நம் மண்ணின் அறிவுக்கு நம் அரசு கைகொடுக்கவில்லை என்ற குறை நியாயமானதே. பின்னர் 2022-இல் மும்பை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் இதற்கெனத் தேசிய மையங்கள் அமைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. எனினும் சோடா ஆஷில் கட்டுண்ட வாயு, கண்ணாடி உருக்கும் உலையில் மீண்டும் காற்றுக்கே போய்ச் சேர்கிறது. பயன்படுத்துவது வேறு, சேமிப்பது வேறு.

ஆகவே ஆராய்ச்சிக்கு அரசு உதவலாமா என்றால், உதவலாம் என்றே சொல்வோம். ஆயினும் யாருக்கு என்பதில் வேறுபாடு காண வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் இட்டால், அடுப்பில் எரிவது எதுவாயினும், கல்லே கரியமில வாயுவைக் கக்கும். சிமெண்ட் ஆலை வெளியிடும் வாயுவில் பாதிக்கு மேல் இவ்வாறு கல்லிலிருந்தே வருகிறது. ஏழைக்கு ஓட்டுக் குடிசையின் இடத்தில் ஒரு வீடு எழுப்ப இன்று சிமெண்டை விட்டால் வேறு வழி அரிது. இத்தகைய தொழிலுக்கு மாற்று தேடும் ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் தருவது தகும். 2019-இல் டால்மியா சிமெண்ட் நிறுவனம் தமிழகத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலை அமைக்கப்போவதாக அறிவித்ததும் இத்துறையில்தான்.

நிலக்கரி மின்சாரத்தின் கதை அதுவன்று. கதிரவனிடமிருந்தும் காற்றிடமிருந்தும் மின்சாரம் பெறும் வழி நம் கண்முன் உள்ளது. மேலும், வாயுவைப் பிடிப்பதற்கே மின்நிலையம் தன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவிட நேரிடும். அதே விளக்குகள் எரிய இன்னும் மிகுதியாக நிலக்கரி வெட்ட வேண்டும் என்பது இதன் பொருள். திருநாவலூருக்குத் தொலைவில் இல்லாத நெய்வேலி வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைக் கண்டவர்கள் அவர்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் பரிகாரம் மட்டும் போதாது, இனிச் செய்வதில்லை என்ற உறுதியும் வேண்டும் என்று சிறுவயதிலேயே நாம் மறைக்கல்வியில் கற்றோம். வாயுவைப் புதைக்கும் வசதி வந்துவிட்டது என்று சொல்லிப் புதிய சுரங்கம் தோண்டுபவர், பரிகாரத்தை முன்பணமாகச் செலுத்திவிட்டுப் பாவத்துக்கு அனுமதி கேட்பவரை ஒத்தவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபர் 4-ஆம் நாள் வெளியிட்ட 'லவுதாத்தே தேயும்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், வாயுவைப் பிடிக்கும் தொழில்நுட்பங்கள் சில நம்பிக்கை தருவதை ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், உள்ளே சிதைவு தொடரும்போது மேற்பரப்பின் விரிசல்களை மட்டும் மூடி மறைக்கும் மனப்போக்கில் நாம் சிக்கிவிடும் ஆபத்தையும் சுட்டுகிறார்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஓலையைப் பற்றியது. மண்ணடியில் இறக்கிய வாயு ஆயிரம் ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும். எந்த நிறுவனம் ஆயிரம் ஆண்டுகள் வாழும்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் நகரில், கண்காணிப்புக் கிணறு ஒன்றின் வழியே சேமிப்புத் திரவம் அனுமதிக்கப்பட்ட அடுக்கை விட்டு வெளியேறியது 2024-இல் தெரியவந்தது. குடிநீர் கெடவில்லை என்பது ஆறுதல். காவல் இருந்ததால் அது கண்டறியப்பட்டது. காவலுக்கான கூலியை நூறு ஆண்டுகளுக்குப் பின் தருபவர் யார்?

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய ஆணைப்படி, சேமிப்பிடம் மூடப்பட்டுப் பொதுவாக 20 ஆண்டுகளேனும் கழிந்து, வாயு நிலையாக அடங்கிவிட்டது என்று மெய்ப்பித்த பிறகே பொறுப்பு அரசுக்கு மாறும். அப்போதும் குறைந்தது 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவை நிறுவனம் முன்னரே செலுத்தியாக வேண்டும். வட டக்கோட்டா மாநிலத்திலோ 10 ஆண்டுகளிலேயே பொறுப்பு அரசின் தலையில் இறங்கலாம். இந்த 10-க்கும் 20-க்கும் இடையேதான் ஒரு சமுதாயத்தின் மனச்சான்று அளக்கப்படுகிறது. 2050-க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கும் திறன் வேண்டும் எனக் கணித்த நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை, பங்கேற்கும் நிறுவனங்களின் பொறுப்புக்கு எல்லை கட்ட வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. முதலீட்டாளரின் அச்சம் நமக்குப் புரியாமல் இல்லை. எல்லைக்கு அப்பால் எஞ்சும் பொறுப்பு எங்கே போகும் என்பதே நம் கேள்வி. தந்தையின் குற்றம் மகன் மேல் சுமத்தப்படாது என்பதை எசேக்கியேல் இறைவாக்கினர் தம் நூலின் 18-ஆம் அதிகாரம் முழுவதும் வலியுறுத்துகிறார். சட்டத்தில் வாய்திறந்து சொல்லப்படாத பொறுப்போ, மகனையும் பேரனையுமே சென்றடையும்.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. சேமிப்புக்கு ஏற்றவை என ஆய்வாளர் கணக்கில் கொள்ளும் படுகைகளுள் காவிரிப் படுகையும் ஒன்று. 2020-இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அப்பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப் புதிதாகத் துளையிடுவதைத் தடுக்கிறது. மண்ணுக்குள் வாயுவை இறக்குவது அச்சட்டத்தின் தடைப் பட்டியலில் இல்லை. அன்று அக்கேள்வி எழவில்லை. இனி வரும் கூட்டத்தொடர்களில் நம் உறுப்பினர்களிடம் அதை எழுப்பியாக வேண்டும்.