எலுமிச்சம்பழமும் பிரேக்கும்

சென்னைப் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் வாசலில் புது ஸ்கூட்டர்கள் பூஜைக்கு நிற்பது பழகிய காட்சி. கைப்பிடியில் மாலை, முகப்பில் சந்தனம் குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சூடம் காட்டியதும் வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகரும். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை: கையில் இருப்பது ஆபத்தான பொருள் என்று ஒப்புக்கொண்டு நாம் வண்டியேறுவது அந்த ஒரு முறைதான். என் கேள்வி வேறு. அந்த வேண்டுதல் யாருக்காக? வண்டிக்குக் கண் படாமலும் ஓட்டுகிறவருக்கு அடி படாமலும் இருக்கத்தான். தெருவில் நடந்து வருகிறவர் அதில் இல்லை. ஷோரூமிலும் அவர் இல்லை. மைலேஜ், ராசிக்கேற்ற நிறம், கூட்டுத்தொகை பார்த்த பதிவெண், சீட்டுக்கடியில் இடம் எல்லாமே நமக்காக. முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே அவரையும் கணக்கில் சேர்ப்பது, சாமி கும்பிடுகிறவருக்குச் சமயக் கடமை என்கிறேன்.

சான்று நம் மரபிலேயே இருக்கிறது. பெரியபுராணம் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையில், திருவாரூர்த் தெருவில் தேரேறிப் போன இளவரசன் கன்றைத் தேடிப் போய்க் கொல்லவில்லை. கன்றுதான் துள்ளி வந்து தேர்க்காலில் சிக்கியது. இன்றைய பேச்சில், 'திடீர்னு குறுக்கே வந்துடுச்சு.' அமைச்சரும் ஏறக்குறைய அதையே சொல்லி, பரிகாரம் செய்துவிடலாம் என்கிறார். அரசன் இசையவில்லை. மகனுக்கு அவன் விதித்த தண்டனையை இன்று யாரும் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. ஆனால் தெரியாமல் நடந்தது என்பதால் பொறுப்பு தீராது, சடங்கு செய்தும் அதைத் தீர்க்க முடியாது என்ற இரண்டையும் அந்தக் கதை அழுத்தமாகச் சொல்கிறது.

எல்லாம் தலையெழுத்து, பிரேக்கா தடுக்கும் என்பார்கள். தலையெழுத்தை முழுசாக நம்புகிறவருக்கு எலுமிச்சம்பழமும் வேண்டியதில்லை. பழத்தை வைத்தபோதே நம் முயற்சிக்கும் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டாயிற்று. இதைவிடக் கனமான மறுப்பு, ஓட்டுகிறவர் நிதானம்தான் முக்கியம், வண்டியல்ல என்பது. பாதி உண்மை. புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்த நிதானம் இன்னும் வரவில்லையே! நெரிசலில் பதறிய கை ஒரே லீவரை இறுக்கிவிடும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் காம்பி பிரேக்காவது இருக்க வேண்டும் என்று விதித்தது இதற்காகத்தான். ஸ்கூட்டரில் இடக்கை லீவரைப் பிடித்தாலே முன்சக்கரத்துக்கும் பிரேக் சேரும். அதற்குமேல் முன்பக்கம் டிஸ்க்கா டிரம்மா என்பதும், சிக்னலில் நூறு கிலோ வண்டியைத் தாங்க இரு காலும் தரையில் ஊன்றுகிறதா என்பதும் வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை. டிஸ்க்குக்குக் கூடுதலாகும் சில ஆயிரம் இல்லாதவர் பாவியா? இல்லை. வேகம் பாதியானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். அதற்குக் காசு வேண்டாம்.

மின்சார ஸ்கூட்டரில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தெருவைக் கடக்கிற முதியவருக்கு அது வருவது காதில் விழாது. ஆக்சிலரேட்டரைத் திருகியதும் பாயும். முதல் சில மாதங்களுக்கு, வேகத்தை மட்டுப்படுத்தும் ஈகோ மோடைத் தாண்டுவதில்லை என்று யாரும் சங்கல்பம் செய்துகொள்வதில்லை. சூடத்தட்டை நீட்டுகிற பூசாரி அதையும் சேர்த்துக் கேட்டால், முடியாது என்பவர் குறைவாகவே இருப்பார்.