தெரியாததிலும் அவளுக்குப் பங்கு உண்டு

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவையின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் உண்டு: உடல், கரை, முந்தி, கோர்வை, பேட்டு. அதை உடுத்துகிறவளின் மார்புக்கு மட்டும் எங்கள் தெருவில் வாய்விட்டுச் சொல்லும் பெயர் இல்லை. "பால் கட்டிக்கிச்சு" என்போம். பால் குடிக்கும் பிள்ளை இல்லையென்றால் "நெஞ்சுல என்னமோ" என்போம். பெயர் சொல்லவே கூசும் இடத்தில் வரும் நோய்க்கு வைத்தியமும் தாமதமாகத்தான் வருகிறது.

என் ஓரகத்திக்கு முப்பத்தொரு வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. கடைசிப் பிள்ளை பால் மறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை மாத்திரை சாப்பிட்டாள், சீழ் எடுத்தார்கள், ஆறவில்லை. காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்குமோ என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த பயம். சதைப் பரிசோதனையில் புற்று இல்லை என்று தெரிந்ததும் மாமியார் வரதராஜர் கோவிலுக்குப் போய் வந்தார். புண் அப்படியே இருந்தது. "டிபியா இருக்கலாம், ஆறு மாசம் மருந்து" என்று மருத்துவர் அவள் கணவரிடம் சொன்னார். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கட்டுரை அந்த "இருக்கலாம்" என்ற சொல்லைப் பற்றியது.

பால் கொடுக்கும் பெண்களுக்கு வரும் மார்பக அழற்சிக்குப் பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியே காரணம். சில நாள் ஆன்டிபயாட்டிக்கில் அடங்கிவிடும். அடங்காதவை வேறு வகை. மார்பகக் காசநோயை 1829இலேயே ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பதிவு செய்தார். கிரானுலோமா அழற்சி என்ற இன்னொரு நோய் 1972இல்தான் தனியாக விவரிக்கப்பட்டது. அதில் சிலருக்கு, கொழுப்பை நாடி வளரும் கோரினிபாக்டீரியம் க்ரோப்பென்ஸ்டெட்டி என்ற கிருமி தென்படுகிறது. வழக்கமான பென்சிலின் வகை மருந்துகள் கொழுப்புத் திசுவுக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. டாக்சிசைக்ளின் போன்றவற்றை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நுண்ணோக்கியிலும் பல நேரம் குழப்பம்தான். ஆனால் சிகிச்சை ஒன்றல்ல. கிரானுலோமா அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. இருப்பது காசநோயாக இருந்தால் அதே ஸ்டீராய்டு நோயைப் பரவ விடும். காசநோய் இல்லாதவளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால், கல்லீரலும் கண்பார்வையும் வீணாக ஆபத்துக்கு உள்ளாகலாம். ஊர் வாயும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால், உறுதியாகத் தெரியாமல் மருந்து கொடுப்பது தவறா? தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். காசநோய்க் கிருமி சோதனையில் அகப்படாமல் போவதுண்டு. கடைசிச் சான்றுக்காகக் காத்திருந்தால் புண் ஆழமாகும். சந்தேகத்தின் பேரில் வைத்தியம் செய்வது மருத்துவத்தின் அன்றாடம். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. "இருக்கலாம்" என்ற சொல் கணவரிடம் போகிறது. மாத்திரை மனைவியிடம் வருகிறது. சந்தேகம் ஒருவருக்கு, அதன் விளைவு இன்னொருவருக்கு. விளைவைத் தாங்கும் உடம்புக்கே அந்தச் சந்தேகத்தை அறியும் முதல் உரிமை. அவளிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்பார்கள். ஆறாத புண்ணோடு தறியில் உட்கார்ந்தவளுக்கு இனி எந்தப் பயத்தை மிச்சம் வைக்கிறோம்?

சொன்னால் என்ன மாறும்? அவள் கேள்வி கேட்க முடியும். எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு பங்கைச் சலைன் நீரில் தனியாக அனுப்ப வேண்டும். அவளுடைய முதல் மாதிரி முழுவதும் ஃபார்மலினுக்குத்தான் போயிருந்தது. விவரம் தெரிந்ததும், இரண்டாவது முறை சலைனிலும் ஒரு பங்கு அனுப்பச் சொல்லிக் கேட்டவள் அவள்தான். அதிலும் எதுவும் வளரவில்லை. இரண்டு பக்கத்து ஆபத்தையும் கேட்டுக்கொண்டு, "மருந்து சாப்பிடறேன்" என்று அவளே சொன்னாள். ஆறாவது மாதம் புண் ஆறியிருந்தது.

அதனால் அது டிபிதான் என்று நிரூபணமாகிவிடவில்லை. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் அந்தக் கோரினிக் கிருமியையும் பெரும்பாலும் கொல்லும். கிரானுலோமா அழற்சி சிலருக்குத் தானாகவே ஆறுவதும் உண்டு. குணமானதை வைத்து மருத்துவர் சொன்னது சரி என்றோ, அவளிடம் கேட்காமலே கொடுத்திருக்கலாம் என்றோ சொல்ல முடியாது. ஒப்புதலின் நியாயத்தை முடிவு எப்படி வந்தது என்பதை வைத்து அளக்கக் கூடாது.

இதில் மறைந்திருக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு, ஏழைகளின் நெரிசலான வீடுகளில் தரும் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு நிகரானதே என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. பெண்களுக்கு அது பெரிய விடுதலை. பிள்ளைகளை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் படுக்கை ஓய்வுக்குச் சானடோரியத்தில் இருந்த மரியாதை இல்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்பும் பார்க்க வேண்டும், தாரும் சுற்ற வேண்டும். குமட்டலோடு அவள் செய்த ஆறு மாத வேலை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

ஆகவே ஒப்புதல் என்பது படிவத்தின் அடியில் இடும் கையெழுத்து மட்டுமல்ல. என்ன தெரியும், என்ன தெரியாது, ஆறு மாதம் யார் சமைப்பது என்ற மூன்றையும் அவள் முன்னால் வைத்துப் பேசுவதுதான் ஒப்புதல். முதலாவதை மருத்துவர் சொல்லிவிடுவார். இரண்டாவதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவதை வீட்டில் இருக்கும் ஆண்களிடம் கேட்க வேண்டும்.